தவ

செவ்வாய்க்கிழமைக்கு ஒரு கொப்பி, அது இருதயம்.
வியாழனுக்கு ஒன்று, புதிதாய்த் தந்திருக்கிறார்கள், அது நெஞ்சு.
இரண்டையும் ஒரே ஷொப்பிங் பேக்கில் சுற்றி
பத்மாவதி அரிசி டின்னுக்கு மேல் வைக்கிறாள்.
இந்த வீட்டில் ஈரம் ஏறாத இடம் அது ஒன்றுதான்.

ஆறு வருஷம் எனக்கு ஒரு கொப்பிதான்.
கண்டியில் வளையம் வைத்து அனுப்பிய பிறகு
மூச்சு வாங்கினால் இருதயம்,
படியில் நின்றால் இருதயம்,
விடியற்காலை அரை மணி நேரம் இருமினால்
நானுஓயாக் குளிர்.
சிகரெட்டைப் பற்றிக் கேட்டார்கள்,
கேட்கவில்லை என்று சொல்லமாட்டேன்.
"குறைத்துவிட்டேன்" என்பேன்.
"குறைத்துவிட்டார்" என்று எழுதுவார்கள்.
வரிசையில் எனக்குப் பின்னால் எண்பது பேர்.

குறைத்தது உண்மைதான்:
சுரங்கத்துக்கு ஒன்றாக இருந்ததை
ஸ்டேஷனுக்கு ஒன்றாக்கினேன்.

இருபத்தொன்பது வருஷம் கார்ட் வேலை.
பச்சைக் கொடி ஒரு கையில், நெருப்பு மறு கையில்.
சுரங்கத்துக்குள் எஞ்சின் விட்டதும் நான் விட்டதும்
எது யாருடையது என்று தெரியாமல் கலந்துகொள்ளும்.
பாரம் கூடினால் ஏற்றத்தில்
பின்னாலும் ஒரு எஞ்சின் கொளுவித் தள்ளுவார்கள்.
பட்டிப்பொலையில் வந்து நின்றபின்
எது இழுத்தது, எது களைத்தது
என்று பெட்டியில் இருப்பவனுக்குத் தெரியாது.

இந்த முறை பர்ஸானா என்று புது டொக்டர்.
முதுகில் குழலை வைத்தவர் எடுக்கவே இல்லை.
ஒரு துண்டு எழுதித் தந்தார்.
பதினேழாம் அறை. ஒரு மெஷின், அட்டையில் ஒரு வாய்.
நிலூக்கா மிஸ் மூக்குக்குக் கிளிப் போட்டு
மேசையில் தட்டித் தட்டிக் கத்தினார்:
பிம்பின்ன! பிம்பின்ன!
தவ! தவ! தவ!

சிங்களத்தில் தவ என்றால் இன்னும்.
பழந்தமிழிலும் அந்தச் சொல் உண்டு, மிக என்று பொருள்,
ஏழாம் வகுப்பில் ஒப்புவித்திருக்கிறேன்.
எந்தப் பாஷையிலும் என்னிடம் இன்னும் இல்லை.
விசில் ஊதி ரயிலை அசைத்த வாய்.
திரையில் கோடு
பாதி மலை ஏறி உட்கார்ந்துவிட்டது.

மூன்று தரம். மருந்தை இழுக்கவைத்து
மறுபடி மூன்று தரம்.
"அங்கிள், இருதயம் மட்டும் இல்லை" என்றார் டொக்டர்.
"இது பழைய வியாதி. அதற்குப் பின்னால் ஒளிந்திருந்திருக்கிறது."
திட்டவில்லை.
திட்டியிருந்தால் சுலபம்.

பஸ்ஸில் ஜெரோமை நினைத்துக்கொண்டேன்.
எஞ்சின் டிரைவர். நெருப்பு என்னுடையது,
சிகரெட் அவனுடையது, அப்படியொரு சிநேகம்.
குவாட்டர்ஸ் வாசலுக்கும் குழாயடிக்கும் இடையில்
மூன்று இடத்தில் நிற்பான், மலையைப் பார்க்கிறவன் போல.
மலையில் என்ன இருக்கிறது, தினமும் பார்த்த மலை.
சான்றிதழில் இருதயம் என்று எழுதினார்கள்.
பொய்யில்லை.
ஆனால் அவனை யாரும்
ஒரு தடவையாவது ஊதச் சொல்லவில்லை.

ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு அறுபத்துநாலு படி.
இருபதாவதில் பத்மாவதிக்குச் செருப்பு வார் கழன்றுவிடும்.
நாற்பதில் கூடையிலிருந்து லீக்ஸ் சரியும்.
குனிந்து, ரொம்ப நேரம் எடுத்து, அடுக்குவாள்.
மெஷினுக்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

பக்கட்டைப் பள்ளத்தில் எறிந்தேன் என்று சொல்ல ஆசை.
இரண்டு மீதி. அரிசி டின்னுக்குப் பின்னால்.
கொப்பிகளை எடுக்கும்போதெல்லாம்
அவள் கை அதில் படும் என்பதும் எனக்குத் தெரியும்.

உதட்டைக் குவித்து மெல்ல விடுங்கள்,
விசில் அடிக்கிற மாதிரி,
என்று சொல்லித் தந்திருக்கிறார்கள்.
ஐம்பத்தோராம் படியில் நின்று விடுகிறேன்.
சத்தமே இல்லை.
கீழே பதுளை ரயில் கிளம்புகிறது,
வேறு எவனோ ஊதியதற்கு.